எந்த இலை மஞ்சள்? செடியின் கோளாறை அறிகுறியிலிருந்து கண்டுபிடிக்கும் வழி

"இலை மஞ்சளாகிறது, என்ன மருந்து அடிக்கலாம்?" என்று யாராவது கேட்டால், எந்த இலை என்று நான் திருப்பிக் கேட்பேன். உச்சியில் புதிதாக விரியும் இலையா, அடியில் இருக்கும் முற்றிய இலையா? பெரும்பாலும் பதில் வராது. அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் மருந்து மட்டும் ஏற்கெனவே ஒரு தடவை அடித்தாகியிருக்கும்.

பூஞ்சைக்கொல்லி வைரஸை எதுவும் செய்யாது. சிலந்திப்பேன் பூச்சியே அல்ல, அது சிலந்தியின் உறவு. ஆகவே பல பூச்சிக்கொல்லிகள் அதை அசைக்காது. வேரை அழுகவைக்கும் பித்தியத்தைப் பூஞ்சை என்று எல்லோரும் எழுதுகிறார்கள், அதுவும் பூஞ்சை இல்லை. இதற்கெல்லாம் மேலாக, செடிக்கு வரும் கோளாறுகளில் பலவற்றுக்கு எந்த உயிரியுமே காரணமாக இருக்காது. தண்ணீர், காற்று, சத்து இவற்றில் ஏதோ ஒன்று கூடியோ குறைந்தோ இருக்கும். அதனால் புட்டியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் படும் அறிகுறியிலிருந்து தொடங்குவோம்.

எதற்கும் முன்னால்

கோளாறு எப்படிப் பரவியிருக்கிறது என்று தள்ளி நின்று பாருங்கள். ஒரே நாளில், ஒரே அளவில், பக்கத்தில் இருக்கும் வேறு இனச் செடிகளுக்கும் சேர்ந்து வந்திருந்தால் நோயாக இருக்க வாய்ப்புக் குறைவு. வெயில், உப்பு, தெளித்த ஏதோ ஒன்று என்று யோசியுங்கள். ஒரு செடியில், ஒரு கிளையில் தொடங்கி நாள் போகப்போகத் திட்டுத்திட்டாகப் பக்கத்துக்குப் போகிறது, அதுவும் ஓரினச் செடிகளுக்குள்ளேயே போகிறது என்றால் உயிருள்ள ஏதோ வேலை செய்கிறது.

அப்புறம் மண்ணைக் கையில் எடுத்து முகர்ந்து பாருங்கள். முதல் மழைக்கு எழும் அந்த மண்வாசனைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற பொருள். ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற நுண்ணுயிரிகள் அதை உண்டாக்குகின்றன, அவற்றுக்குக் காற்று வேண்டும். மண்வாசனை இருந்தால் உள்ளே காற்று இருக்கிறது. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று போய்விட்டது, காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் குடியேறி ஹைட்ரஜன் சல்பைடு விட்டுக்கொண்டிருக்கின்றன. பாதி நேரம் மூக்கே விடை சொல்லிவிடும்.

செடி வாடித் தொங்குகிறது

இலை விறைப்பாக நிற்பதற்குக் காரணம் செல்களுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம். இலைத்துளை வழியாக வெளியேறும் நீரை வேர் ஈடுகட்ட முடியாதபோது அந்த அழுத்தம் இறங்குகிறது. ஆகவே வாட்டம் என்றாலே கேள்வி ஒன்றுதான்: நீர் எங்கே தடைப்படுகிறது? மண்ணிலா, வேரிலா, தண்டிலா?

நண்பகலில் தொங்கி, சாயங்காலம் தானாக நிமிர்ந்துவிட்டால் பெரும்பாலும் கோளாறு இல்லை. அகன்ற இலைச் செடிகள் உச்சி வெயிலில் அப்படித்தான் செய்யும். ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

சாயங்காலமும் நிமிரவில்லை என்றால் விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விடுங்கள். வறண்டிருந்தால் தண்ணீர் ஊற்றுங்கள், சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஒரு சின்னச் சிக்கல் உண்டு. மிகவும் காய்ந்த மண் சுருங்கித் தொட்டியின் சுவரை விட்டு விலகியிருக்கும். ஊற்றும் நீரெல்லாம் அந்த இடுக்கு வழியாக அடித்துளைக்கு ஓடிவிடும், நடுமண் காய்ந்தபடியே இருக்கும். அப்போது தொட்டியை அப்படியே ஒரு வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் உட்கார வையுங்கள்.

மண் ஈரமாக இருந்தும் செடி வாடுகிறதா? இங்கேதான் அதிகச் செடிகள் சாகின்றன. நானும் இப்படிக் கொன்றிருக்கிறேன். வாடியிருக்கிறதே என்று தண்ணீர், மறுநாள் இன்னும் வாடியது என்று இன்னும் தண்ணீர். அது நீரில் மூழ்கித் தாகத்தில் செத்தது என்று பிடுங்கிப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

வேரும் மூச்சுவிடும். வேர்ச்செல்கள் சர்க்கரையை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்துத்தான் ஆற்றல் பெறுகின்றன. காற்றில் ஆக்சிஜன் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் நீரில் அது சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். மண்ணின் துளைகளெல்லாம் நீரால் நிறைந்துவிட்டால் வேருக்கு மூச்சு முட்டுகிறது. ஆற்றல் இல்லாத வேர்ச்செல், நீரை உள்ளே விடும் வாயில்களை மூடிக்கொள்கிறது. சுற்றிலும் தண்ணீர், உள்ளே வறட்சி.

அந்த நிலையில்தான் பித்தியமும் பைட்டோப்தோராவும் நுழைகின்றன. இவை நீர்ப்பூஞ்சைகள் என்று அழைக்கப்பட்டாலும், உறவுமுறையில் காளானைவிடப் பழுப்புப் பாசிகளுக்கே நெருக்கமானவை. பூஞ்சையின் செல்சுவர் கைட்டினால் ஆனது, இவற்றின் சுவரில் இருப்பது பெரும்பாலும் செல்லுலோஸ். இவற்றின் வித்துக்கு வால்போன்ற இரண்டு கசையிழைகள் உண்டு, ஈரமண்ணில் நீந்தியே வேரைத் தேடிப் போகும். 1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கு வயல்களை அழித்துப் பெரும் பஞ்சத்தைக் கொண்டுவந்தது இந்தக் கூட்டத்தைச் சேர்ந்த பைட்டோப்தோராதான். அந்தப் பெயரை 1876-இல் வைத்தவர் ஜெர்மானியத் தாவரவியலாளர் அன்டோன் டி பாரி. கிரேக்கத்தில் அதற்குச் 'செடியை அழிப்பது' என்று பொருள். இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல பூஞ்சைக்கொல்லிகள், பூஞ்சையின் செல்சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப்பொருள் உண்டாவதைத் தடுத்து வேலை செய்பவை. பித்தியம் அதைத் தயாரிப்பதே இல்லை. இல்லாத கதவை உடைக்க முடியுமா?

சோதனை எளிது. செடியைத் தொட்டியிலிருந்து உருவி எடுங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ, இழுத்தால் எதிர்க்கும் உறுதியோடு இருக்கும். அழுகிய வேர் பழுப்பாக, கொழகொழவென்று இருக்கும். இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று வந்து, நடுவில் நூல் மட்டும் மிஞ்சும். அழுகியதை எல்லாம் வெட்டி எறிந்து, காற்றோட்டமான புது மண்கலவையில், முன்னதைவிடச் சிறிய தொட்டியில் நட்டு, நிழலில் வையுங்கள். வேர் குறைந்த அளவுக்கு இலையையும் கொஞ்சம் குறைத்துவிடுங்கள். நல்ல வேர் மூன்றில் ஒரு பங்குகூட இல்லையென்றால் நான் அந்தச் செடியோடு மல்லுக்கட்ட மாட்டேன். உச்சியில் நல்ல துண்டு ஒன்றை வெட்டி நட்டு வேர்பிடிக்க வைத்துவிடுவேன்.

மண்ணும் சரி, வேரும் சரி, ஆனாலும் வாட்டம் என்றால் தடை தண்டில் இருக்கிறது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். பட்டைக்கு உட்புறம் பழுப்பு வளையம் தெரிந்தால், நீரை ஏற்றிச் செல்லும் சைலம் குழாய் அடைபட்டிருக்கிறது. செய்தது பியூசேரியம், வெர்ட்டிசிலியம் போன்ற பூஞ்சையா, ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியாவா? வெட்டிய தண்டின் முனை நீரில் தொடும்படி ஒரு கண்ணாடித் தம்ளரில் ஆட்டாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற இழை கீழ்நோக்கி இறங்கினால் அது பாக்டீரியா, கோடிக்கணக்கில். எந்த நுண்ணோக்கியும் இல்லாமல் பாக்டீரியாவைக் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் அபூர்வ வாய்ப்பு இது! பூஞ்சையாக இருந்தால் இழை வராது.

பெயர் எதுவானாலும் இந்த நிலைக்கு வந்த செடியைக் காப்பாற்ற முடியாது. மண்ணோடு சேர்த்து அப்புறப்படுத்துங்கள், மட்குக் குழியில் போடாதீர்கள். பியூசேரியத்தின் தடித்த உறக்க வித்துகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். தக்காளி வாடி இறந்த இடத்தில் கத்தரியையோ மிளகாயையோ வைத்தால் ரால்ஸ்டோனியாவுக்கு விருந்து வைத்த மாதிரிதான், எல்லாம் ஒரே குடும்பம்.

இலை மஞ்சளாகிறது

முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். எந்த இலை?

தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), மெக்னீசியம் ஆகியவை செடிக்குள் நகரக்கூடியவை. பற்றாக்குறை வந்ததும் செடி தன் முதிய இலைகளைப் பிரித்துப்போட்டு, அவற்றில் இருந்த சத்தை, சர்க்கரைச் சாற்றைக் கொண்டுசெல்லும் புளோயம் குழாய் வழியாகத் துளிருக்கு அனுப்புகிறது. அதனால் மஞ்சள் கீழே தொடங்கி மேலே ஏறும். இரும்பும் கால்சியமும் அப்படி இல்லை. ஒரு தடவை ஓர் இலையில் போய் உட்கார்ந்தால் அங்கேயேதான். அவை பற்றவில்லை என்றால் புதிய இலைதான் முதலில் கெடும்.

கீழ் இலை முழுவதும், நரம்போடு சேர்ந்து ஒரே சீராக வெளுக்கிறதா? தழைச்சத்துக் குறைவு. நரம்பு பச்சையாக இருக்க, இடைவெளி மட்டும் மஞ்சளா? மெக்னீசியம். பச்சைய மூலக்கூறு ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மெக்னீசியம் அணு இருக்கிறது, அதைத்தான் செடி பிடுங்கிக்கொண்டு போகிறது. ஓரம் மட்டும் கருகுகிறதா? சாம்பல்சத்தாக இருக்கலாம். ஆனால் உரம் கூடி உப்பு ஏறினாலும் ஓரமும் நுனியும் இப்படியே கருகும். மண்மேல் வெள்ளைப் பொருக்கு தெரிந்தால் உப்பு என்று வைத்துக்கொண்டு, அடியில் நன்றாக வழியும் அளவுக்கு வெறும் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். அடியில் இருக்கும் ஒரே ஒரு முதிய இலை மஞ்சளாகி உதிர்ந்தால் அது வயது.

உச்சி இலை மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சை வலைபோலத் தெரிந்தால் இரும்பு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மண்ணில் இரும்பு பொதுவாகக் குறைவதில்லை. காரத்தன்மை ஏறிய மண்ணில், அதாவது பி.எச். 7-ஐத் தாண்டிப் போகப்போக, அது கரையாத வடிவத்தில் பூட்டிக்கொள்கிறது. இரும்பை இன்னும் கொட்டினால் அதுவும் பூட்டிக்கொள்ளும். மண்ணின் காரத்தைக் குறைப்பதுதான் வழி, அவசரத்துக்கு மட்டும் கீலேட் வடிவ இரும்பு, அதாவது மண்ணில் எளிதில் பூட்டிக்கொள்ளாதபடி வேறொரு பொருளோடு பிணைத்த இரும்பு. மண் நாள்கணக்கில் ஊறிக் கிடந்தாலும் இதே அறிகுறி வரும். ஆகவே முதலில் வடிகால் துளையைப் பாருங்கள்.

உரம் போட்ட பிறகும் செடி வெளுத்துக்கொண்டே போனால் என்ன போட்டீர்கள் என்று யோசிக்க வேண்டும். ஒருமுறை மண் பொலபொலவென்று இருக்கட்டும் என்று மட்காத மரத்தூளைக் கைநிறையக் கலந்துவிட்டேன். பத்துப் பதினைந்து நாளில் தொட்டி முழுவதும் வெளிறியது. நோய் என்று நினைத்து இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. நடந்தது வேறு. நுண்ணுயிரிகள் மரத்தூளில் இருக்கும் கரியை (கார்பனை) தின்னத் தொடங்குகின்றன. அவற்றின் உடலைக் கட்டுவதற்கு நைட்ரஜன் வேண்டும். மரத்தூளில் நைட்ரஜன் ஒரு பங்கு என்றால் கரி நூற்றுக்கணக்கான பங்கு. பாக்டீரியாவின் உடலிலோ கரி நைட்ரஜனைப்போல ஐந்து முதல் பத்து மடங்குதான். பற்றாத நைட்ரஜனை அவை மண்ணிலிருந்து உறிஞ்சிக்கொள்கின்றன. வேரைவிட வேகமாக உறிஞ்சுவதால் செடிக்குப் பட்டினி. மட்குக் குவியலில் கரியும் நைட்ரஜனும் 25-க்கு 1 அல்லது 30-க்கு 1 என்ற கணக்கில் இருக்க வேண்டும் என்பது இதனால்தான். அந்த நைட்ரஜன் தொலைந்துபோகவில்லை. நுண்ணுயிரிகள் தின்று முடித்து இறக்கும்போது மண்ணுக்குத் திரும்பும். பொறுக்க முடிந்தால் பொறுக்கலாம், முடியாவிட்டால் கொஞ்சம் தழைச்சத்துச் சேர்க்கலாம். மட்காத எதையும் மண்ணுக்குள் கலக்காமல் மேலே மூடாக்காகப் போட்டிருந்தால் இந்தத் தகராறே வந்திருக்காது.

இலையில் புள்ளிகள்

இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். புள்ளி நீர் ஊறியதுபோல் ஒளிபுகும்படி இருந்து, ஓரங்கள் இலை நரம்பில் முட்டி நின்று கோணலாக வெட்டியதுபோல் தெரிந்தால் பாக்டீரியா பக்கம் சந்தேகப்படலாம். சுற்றிலும் மஞ்சள் வட்டம் இருந்தால் சந்தேகம் வலுக்கும். பூஞ்சைப் புள்ளி பெரும்பாலும் வட்டம். பூஞ்சை இழை நரம்பைத் தாண்டி எல்லாப் பக்கமும் சமமாக வளரும். ஆல்டர்னேரியா என்ற பூஞ்சை என்றால் குறிபார்த்துச் சுடும் பலகைபோல் வளையத்துக்குள் வளையம் இருக்கும். உலர்ந்த புள்ளியின் நடுவில் மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் கரும்பொட்டுகள் தெரிந்தால் அவை பூஞ்சையின் வித்துக்கூடுகள், வேறு சான்றே வேண்டாம்.

முடிவு செய்ய முடியவில்லையா? ஈரத் துணித்துண்டோடு இலையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, வெயில் படாத இடத்தில் இரண்டு நாள் வையுங்கள். பூஞ்சையாக இருந்தால் புள்ளிமேல் பஞ்சு முளைத்திருக்கும். பாக்டீரியா அப்படிப் பஞ்சு விடாது. செத்த இலைமேல் பிறகு வந்து ஒட்டிக்கொள்ளும் பூஞ்சைகளும் உண்டு, அதனால் புதிதாக வந்த புள்ளியையே எடுங்கள். முற்றிக் காய்ந்த இலையை வைத்தால் ஊரில் உள்ள பூஞ்சையெல்லாம் முளைக்கும்.

இரண்டுக்கும் முதல் வைத்தியம் ஒன்றே. புள்ளி நோய்ப் பூஞ்சைகளின் வித்து முளைக்க இலைமேல் சில மணி நேரமாவது ஈரம் நிற்க வேண்டும். பாக்டீரியாவும் நீர்த்துளி தெறித்தே அடுத்த இலைக்குத் தாவுகிறது. தண்ணீரை இலைமேல் தெளிக்காமல் மண்ணில் ஊற்றுங்கள், சாயங்காலத்தை விட்டுக் காலையில் ஊற்றுங்கள், செடிகளுக்கு இடையே கை நுழையும் இடைவெளி விடுங்கள். மருந்தைவிட இது அதிகம் செய்யும்.

வெள்ளையாக ஏதோ

விரலால் தேய்த்துப் பாருங்கள். மாவுபோல் விரலில் ஒட்டினால் சாம்பல் நோய். பிசுபிசுவென்று நசுங்கினால், அதுவும் இலைக்காம்பின் இடுக்கில் பஞ்சு உருண்டையாக இருந்தால், மாவுப்பூச்சி. சுண்ணாம்புத் தடம்போல் அசையாமல் இருந்தால் ஊற்றிய தண்ணீரில் இருந்த உப்பு. இதை நோய் என்று நினைத்து மருந்து அடித்தவர்களை எனக்குத் தெரியும்.

சாம்பல் நோய்ப் பூஞ்சை மற்றவற்றிலிருந்து மாறுபட்டது. அதன் உடல் பெரும்பாலும் இலைக்கு வெளியே படர்ந்திருக்கும். மேல்தோல் செல்லுக்குள் உறிஞ்சு குழலை மட்டும் இறக்கிச் சாற்றைக் குடிக்கும். அதன் வித்து முளைக்க இலைமேல் நீர்த்துளி வேண்டியதில்லை, காற்றில் ஈரம் இருந்தால் போதும். நீர் தேங்கினால் அதற்கு ஆகாது. மழையே இல்லாத நாளிலும் அது பரவுவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கந்தகத்தூள் நன்றாகக் கேட்கும். வெயில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாளில் மட்டும் போடாதீர்கள், இலை கருகும்.

இலையின் மேற்புறம் மஞ்சள் திட்டு, அதற்கு நேர் கீழே அடிப்புறத்தில் சாம்பல் பூத்ததுபோல் இருந்தால் அது அடிச்சாம்பல் நோய். பெயரைக் கேட்டால் அண்ணன் தம்பி போலிருக்கும், உண்மையில் இது பித்தியத்தின் கூட்டம். இதற்கு ஈரம் வேண்டும், கந்தகத்துக்கும் அசையாது, தாமிரத்துக்கு அடங்கும். அந்த மருந்து கிடைத்த கதையைச் சொல்லாமல் போக முடியவில்லை. பிரான்சின் போர்டோ பகுதியில், வழிப்போக்கர்கள் திராட்சையைப் பறிக்காமல் இருக்கப் பாதையோரக் கொடிகளில் தாமிர உப்பான மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அருவருப்பாகத் தெளித்து வைத்திருந்தார்கள். அந்தக் கொடிகள் மட்டும் இலை உதிர்க்காமல் நிற்பதை மில்லார்டே என்ற தாவரவியலாளர் கவனித்தார். 1885-இல் அவர் வெளியிட்டதுதான் போர்டோ கலவை.

கருப்புப் படலம்

ஈரத்துணியால் துடைத்தால் புகைக்கரிபோல் வந்துவிட்டு, கீழே இலை பச்சையாக இருக்கிறதா? கரும்பூசணம். இது செடியைத் தொடுவதே இல்லை. மேலே பாருங்கள், அசுவினியோ வெள்ளை ஈயோ செதில்பூச்சியோ இருக்கும். புளோயச் சாற்றில் சர்க்கரை நிறைய, அமினோ அமிலம் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்காக நிறையக் குடித்து, மிச்சச் சர்க்கரையைத் தேன்கழிவாக இலைமேல் சொட்டுகின்றன. அதில் வளர்வதுதான் இந்தக் கருப்பு. பூஞ்சைக்கொல்லி வீண். பூச்சியை ஒழித்துவிட்டு இலையைத் துடைத்தால் முடிந்தது. எறும்புகள் தண்டில் ஏறி இறங்கினால் அந்தப் பாதையையே பின்தொடருங்கள், அவை உங்களை நேரே பூச்சியிடம் கொண்டுபோய் விடும்.

தக்காளிக் காயின் அடிப்பக்கம் மட்டும் தோல்போல் கறுத்துக் குழிந்தால் அதுவும் நோய் அல்ல. கால்சியம் நீரோட்டத்தோடுதான் ஏறும். ஒரு நாள் வறட்சி, மறுநாள் வெள்ளம் என்று தண்ணீர் ஊற்றினால் காயின் கடைசி முனைக்கு அது போய்ச்சேராது. அங்கே பிறகு வளரும் பூஞ்சை, இடிந்த வீட்டில் குடியேறியது. இடித்தது அது இல்லை.

இலை சுருள்கிறது, பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுகள்

மிளகாய்ச் செடியை எடுத்துக்கொள்வோம். இலை ஓரம் மேல்நோக்கிப் படகுபோல் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டு, இலை குறுகினால் மஞ்சள் சிலந்தி. வெள்ளைக் காகிதத்தை அடியில் பிடித்துக் கிளையைத் தட்டினால் இலைப்பேன் விழுந்து ஓடும். மஞ்சள் சிலந்தி அவ்வளவு சிறியது, உருப்பெருக்கி வேண்டும். இரண்டும் இல்லாமல் இலை சுருண்டு, தடித்து, செடி குட்டையாகி நின்றுவிட்டால், அல்லது நரம்பைச் சட்டைசெய்யாமல் இளம்பச்சையும் கரும்பச்சையும் தேமல்போல் படர்ந்தால், வைரஸ்.

புகையிலைச் செடியின் தேமல் நோயிலிருந்துதான் வைரஸ் என்ற ஒன்று இருப்பதே தெரிந்தது. 1892-இல் ரஷ்ய ஆய்வாளர் இவானோவ்ஸ்கி நோயுற்ற இலையின் சாற்றைப் பாக்டீரியா புகாத வடிகட்டியில் வடித்தார். வடிந்த தெளிந்த சாறும் நோயைப் பரப்பியது. 1898-இல் டச்சு ஆய்வாளர் பெய்ஜரிங்க், இது பாக்டீரியா அல்ல, உயிருள்ள செல்லுக்குள் மட்டும் பெருகும் வேறொன்று என்றார். 1935-இல் அமெரிக்க வேதியியலாளர் வெண்டல் ஸ்டான்லி அதை உப்பைப்போலப் படிகமாக்கிக் காட்டினார். படிகமாகும் ஒன்றுக்கு என்ன மருந்து அடித்துக் கொல்வது? செடிக்குள் புகுந்த வைரஸுக்குத் தோட்டத்தில் மருந்து கிடையாது. நோய்ச் செடியைப் பிடுங்குவது, அதைச் சுமந்துவரும் வெள்ளை ஈயையும் அசுவினியையும் அடக்குவது, கத்திரிக்கோலைக் கழுவுவது, இவ்வளவுதான் செய்யலாம். புகையிலைத் தேமல் வைரஸ் பூச்சியே இல்லாமல் கைபட்டே பரவும். நோய்ச் செடியைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அடுத்த செடிக்குப் போங்கள்.

இலைகள் சுண்டிச் சிறுத்து, துடைப்பம்போல் கொத்துக் கொத்தாகத் துளிர்த்து, பூ இருக்க வேண்டிய இடத்தில் பச்சை இலை முளைத்தால் அது பைட்டோபிளாஸ்மா. கத்தரியில் வரும் சிறு இலை நோய் இந்த வகை. செல்சுவரே இல்லாத பாக்டீரியா அது, புளோயத்துக்குள் வாழும், தத்துப்பூச்சி சுமந்துவரும். 1967-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காணும்வரை இதையும் வைரஸ் என்றே நினைத்திருந்தார்கள். இதற்கும் பிடுங்குவதுதான்.

நாற்று தரைமட்டத்தில் மடிந்து சாய்கிறது

நாற்றழுகல். பித்தியம் அல்லது ரைசோக்டோனியா என்ற பூஞ்சை. சாய்ந்தது எழாது. மீதியைக் காப்பாற்ற நெருக்கத்தைக் கலைத்து, காற்று படவிட்டு, மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் விடுங்கள். அடுத்த முறை புது மண், ஆழமில்லாத விதைப்பு.

வேரில் முடிச்சுகள்

பிடுங்கிய செடி பயறு வகையா என்பது முதல் கேள்வி. பயறு வகை என்றால் முடிச்சை விரலால் தள்ளுங்கள். வேரின் பக்கத்தில் ஒட்டவைத்த மணிபோல் எளிதாக உதிர்ந்தால் ரைசோபியம் என்ற பாக்டீரியா குடியிருக்கும் முடிச்சு. நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அந்தச் சிவப்பு லெக்ஹீமோகுளோபின், நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினின் உறவு. நைட்ரஜனைப் பிடிக்கும் நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது, பாக்டீரியாவுக்கோ மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். இரண்டுக்கும் நடுவே நின்று அளந்து கொடுப்பது இதன் வேலை. உள்ளே பச்சையாகவோ சாம்பலாகவோ இருந்தால் முடிச்சு வேலையை நிறுத்திவிட்டது. முடிச்சே இல்லையென்றால் மண்ணில் ஏற்கெனவே தழைச்சத்து நிறைய இருக்கலாம். சும்மா கிடைக்கும்போது செடி ஏன் பாக்டீரியாவுக்குச் சர்க்கரை கொடுத்து வைத்துக்கொள்ளப் போகிறது?

முடிச்சு உதிராமல், வேரே வீங்கி உருத்திராட்ச மாலைபோல் இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. பயறிலும் வரும், தக்காளி, வெண்டையில் இன்னும் மோசமாக வரும். மேலே பார்த்தால் சத்துக்குறைவுபோல்தான் தெரியும். உரம் போட்டும் தேறாத செடியைப் பிடுங்கிப் பார்க்கச் சொல்வது இதற்காகவும்தான். அந்த மண்ணில் செண்டுமல்லியை ஒரு பருவம் முழுவதும் நெருக்கமாக வளர்த்தால் புழு குறையும். ஓரத்தில் இரண்டு செடி வைப்பதால் பெரிய பயன் இல்லை.

தொட்டியில் காளான், மண்மேல் பச்சை, இலை நுனியில் நீர்

இவற்றை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எதற்கும் பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம்.

மண்ணிலிருந்து எலுமிச்சை மஞ்சள் நிறத்தில் சிறு குடைக்காளான் முளைத்தால் அது மட்குவதைத் தின்னும் பூஞ்சை, உங்கள் செடியைத் தொடாது. தின்றால் நஞ்சு, அதனால் குழந்தைகளோ வளர்ப்புப் பிராணிகளோ இருந்தால் மட்டும் கிள்ளி எறியுங்கள். மண்மேல் வெள்ளை நூலாம்படையும் அப்படித்தான், கிளறிவிட்டு வெயில் காட்டினால் போய்விடும். மூடாக்கின்மேல் ஒரே இரவில் மஞ்சள் நுரைபோல் ஏதோ பொங்கியிருந்தால் அது சளிப்பூஞ்சை. பூஞ்சை என்பது பெயரில் மட்டும், அமீபாவுக்குச் சொந்தக்காரன். பாக்டீரியாவைத் தின்றுகொண்டே மெல்ல நகரும், ஓரிரு நாளில் காய்ந்து பொடியாகிவிடும். பச்சைப் படலம் பாசி, மேல்மண் எப்போதும் ஈரமாக இருக்கிறது என்பதற்கு அடையாளம். சிறு கருங்கொசுக்கள் மண்ணிலிருந்து எழும்பினாலும் அதே செய்திதான். அவற்றின் புழுக்கள் ஈரமண்ணில் பூஞ்சையையும், கிடைத்தால் வேர்முனையையும் தின்னும். மேல் இரண்டு அங்குலம் காயவிட்டால் இரண்டுமே அடங்கும்.

விடியற்காலையில் இலை நுனிகளில் முத்து முத்தாக நீர் நின்றால் அது பனி அல்ல. இரவில் இலைத்துளைகள் மூடியிருக்க, வேர் மட்டும் நீரை மேலே தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. மிஞ்சியது நுனித்துளை வழியாகக் கசிந்திருக்கிறது. வேர் நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். அன்றைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.